சுரமும் நிலவேம்பும்

ஊர் பெயர்ந்து செல்லும் குடிகள் தம் மொழியையும் வழிபாட்டையும் உடன்கொண்டு செல்வது போலவே, தம் கைமருந்தையும் உடன்கொண்டு செல்கின்றன. கடல் கடந்து இத்தீவுகளுக்கு வந்த தமிழர் கொண்டுவந்த கைமருந்துகளுள் சுக்கும் மிளகும் ஓமமும் எங்கும் கிடைக்கும் எளிய சரக்குகள். ஆனால் சுரம் என்று சொன்னவுடன் நம் வீட்டுப் பெரியோர் நாவில் முதலில் வந்து நிற்கும் பெயர் நிலவேம்பு. சௌல்தாரியில் வாழும் நம் குடும்பங்களுக்கு இச்செடியின் வரலாற்றை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம். வரலாறு என்பது பழம்பெருமை பேசுவது மட்டுமன்று. எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று கணக்குப் பார்ப்பதும் வரலாறே. சுரம் மலிந்த தீவில் வாழ்வோருக்கு அக்கணக்கு உயிரோடு தொடர்புடையது.

பெயரும் உருவமும்

நிலவேம்பு முழங்காலளவு முதல் இடுப்பளவு வரை வளரும் ஓராண்டுச் செடி. அதன் தண்டு நாற்பட்டையானது. இலை ஈட்டி முனை போன்றது. பூ சிறியது, வெண்ணிறமானது, ஊதாப் புள்ளி உடையது. வேப்பமரத்திற்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. இது நம் ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கசப்பு ஒன்றினால்தான் வேம்பின் பெயரைப் பெற்றது. வடமொழியில் இதற்கு வழங்கும் பூநிம்பம் என்ற பெயரும் நிலத்து வேம்பு என்றே பொருள்படும்.

மேலை நாட்டுத் தாவர நூலார் பர்மன் என்பவர் இதனை 1768ஆம் ஆண்டில் தம் நூலில் விவரித்தார். 1832இல் நீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா என்று இப்போது வழங்கும் பெயரைச் சூட்டினார். 1911இல் கோர்ட்டர் என்பார் இதன் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு ஆண்ட்ரோகிராபோலைடு என்று பெயர்.

பல மொழியினர் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இத்தீவில் இச்செடியின் பெயர்களைத் தொகுத்துப் பார்ப்பது இன்பம் தருவது. தெலுங்கர் நேலவேமு என்பர். கன்னடர் நெலபேவு என்பர். மலையாளிகள் கிரியாத்து என்பர். வங்காளிகளும் இந்தி பேசுவோரும் காலமேகம் என்னும் பொருள்பட ‘கால்மேக்’ என்பர். இதன் சாற்றோடு மணப்பொருள்கள் சேர்த்துச் சிறு உருண்டைகளாக்கிக் குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுகளுக்குக் கொடுக்கும் வழக்கம் வங்காளத்தில் நெடுங்காலமாக உண்டு. ‘ஆலுயி’ என்பது அம்மருந்தின் பெயர். கடலுக்கு அப்பால் மலாய் மக்கள் இதனை ‘ஹெம்பெடு பூமி’, அதாவது மண்ணின் பித்தம், என்று அழைக்கின்றனர். ஆக, 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து இத்தீவுகளுக்கு வந்து குடியேறியோரும் தென்னாட்டிலிருந்து வந்த நாமும் ஒரே செடியைத்தான் வேறு வேறு பெயரால் போற்றி வருகிறோம்.

பெயர் மயக்கமும் இல்லாமல் இல்லை. இமயமலைப் பகுதியில் விளையும் சிராய்தா என்னும் கிராத திக்தமும் கசப்பே. அதனையும் நிலவேம்பையும் ஒன்றுக்கு மற்றொன்றாகக் கடைகளில் விற்பது பழைய வழக்கம். சிறியாநங்கை என்னும் பெயரால் நிலவேம்பைக் குறிப்பார் பலர்; வேறு செடியைக் குறிப்பாரும் உளர். ஆதலின் பெயரை மட்டும் நம்பி வாங்குவது தகாது.

கசப்பின்மேல் பிறந்த நம்பிக்கை

கசக்கும் பொருள் சுரத்தைத் தணிக்கும் என்ற எண்ணம் உலகெங்கும் உண்டு. அவ்வெண்ணத்திற்குப் பெருவலிமை தந்தது தென் அமெரிக்க மலைகளில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டை. 1820ஆம் ஆண்டில் பெல்லெத்தியே, காவெந்து என்னும் இரு பிரெஞ்சு வேதியியலார் அப்பட்டையிலிருந்து குயினாவைப் பிரித்தெடுத்தனர். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் சிங்கோனாவை நம் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். மெக்ஐவர் மேற்பார்வையில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் தோன்றின. நடுவட்டத்துத் தோட்டத்தில் சீனக் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர் என்பதைக் கைதிகளின் உழைப்பால் உருவான இத்தீவில் வாழும் நாம் நினைத்துப் பார்த்தல் தகும்.

சென்னை மாகாணத்தில் 1866 முதல் 1868 வரை ஒரு பெருஞ்சோதனை நடைபெற்றது. சிங்கோனாப் பட்டையில் உள்ள நான்கு காரப்பொருள்களையும் தனித்தனியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நான்கும் மலேரியாச் சுரத்தைத் தணித்தன. கசப்பைச் சுவைத்துப் பார்த்து முடிவு கூறாமல், நோயாளியை எண்ணிப் பார்த்து முடிவு கூறியதே அச்சோதனையின் சிறப்பு.

அதே 1868ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருந்து நூலில் நிலவேம்பும் இடம்பெற்றது. அதனைத் தொகுத்த டாக்டர் வேரிங் திருவாங்கூரில் பணியாற்றியவர். நாட்டு மருந்துகளை மதித்து ஆராய்ந்தவர். அவர் நிலவேம்பைப் பசியைத் தூண்டுவதும் உடலைத் தேற்றுவதுமான கசப்பு மருந்தாகவே வைத்தார். ஆனால் வணிகர் அவ்வளவில் நின்றாரல்லர். ‘ஹால்விவா’ என்ற பெயரில் நிலவேம்புச் சாராயத்தை இங்கிலாந்தில் விற்பனைக்கு விட்டுக் குயினாவுக்கு மாற்று என்று விளம்பரம் செய்தனர். குயினா இன்றும் மருத்துவர் கையில் மருந்தாக இருக்கிறது. ஹால்விவாவோ பெயரளவிலும் இன்று வழக்கில் இல்லை. இரண்டும் கசந்தன. ஒன்று மலேரியாக் கிருமியைக் கொன்றது, மற்றொன்று கொல்லவில்லை.

அங்ஙனமாயின், மலேரியாச் சுரத்திற்குக் கசப்புக் கஷாயம் குடித்துக் குணமடைந்தோம் என்று கூறுவோர் பொய் கூறுகின்றனரா? இல்லை. முறைச்சுரம் என்று நம் முன்னோர் அழைத்தது ஒரு நாள் வந்து மறுநாள் விடுவது. விடும் நாளில் எது குடித்திருந்தாலும் அதற்கே பெருமை சேரும். சுரம் தணிவது வேறு, நோய் தீர்வது வேறு என்னும் இவ்வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நாடி.

தீவுகளும் சுரமும்

இத்தீவுகளின் குடியேற்ற வரலாறு சுரத்தின் வரலாறே எனலாம். 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் தென் அந்தமானில் முதற் குடியேற்றத்தை அமைத்தார். 1792இல் அது வட அந்தமானுக்கு மாற்றப்பட்டது. நோயும் சாவும் மிகுந்தமையால் 1796இல் அதனைக் கைவிட்டுச் சென்றனர். படையும் பொருளும் செய்ய இயலாததைச் சுரம் செய்தது. பின்னர் 1858 மார்ச் 10ஆம் நாள் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். காடு வெட்டியும் சதுப்பைத் திருத்தியும் உழைத்த அக்கைதிகளைச் சுரம் வாட்டியது. கூடாரங்களில் தொடங்கிய வாழ்வு அது. சிறு கூடாரத்தைக் குறிக்கும் ‘சோல்தாரி’ என்ற இந்துஸ்தானிச் சொல்லை நம் ஊர்ப்பெயரும் நினைவூட்டுகிறதன்றோ?

1897இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன் பின்னரே இத்தீவுகளின் சுரத்திற்குத் தெளிவான விளக்கம் கிடைத்தது. கிறிஸ்டோபர்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் அந்தமான் மலேரியாவை ஆராய்ந்து 1912இல் அறிக்கை வெளியிட்டார். கடலோர உவர்ச் சதுப்புகளில் முட்டையிடும் ஒருவகைக் கொசுவே இங்கு மலேரியாவைப் பரப்புகிறது என்று அவர் காட்டினார். நோய் காற்றிலும் மழையிலும் இல்லை, சதுப்பின் தேங்கிய நீரில் இருக்கிறது என்பது புலனாயிற்று.

ஆனால் எல்லாச் சுரமும் மலேரியா அன்று. டெய்லர், கோயல் என்னும் இருவர் இத்தீவுகளில் எலிக் காய்ச்சல் இருப்பதை ஆராய்ந்து 1931இல் நூலாக வெளியிட்டனர். பின்னர் அந்நோய் நினைவிலிருந்து மறைந்தது. 1988 முதல் மழைக்காலத்தின் பின் வட அந்தமானில் ஒரு கொடிய சுரம் தோன்றத் தொடங்கியது. நுரையீரலில் குருதி கசிந்து சிலர் மாண்டனர். காரணம் விளங்காமையால் அதனை ‘அந்தமான் குருதிப்போக்குச் சுரம்’ என்று பெயரிட்டனர். 1983இல் இங்கு நிறுவப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நிலையத்தார், 1993ஆம் ஆண்டு ஆய்வில் அது எலிக் காய்ச்சலே என்று தெளிந்தனர். எலியின் சிறுநீரும் கால்நடையின் சிறுநீரும் கலந்த நீரிலும் சேற்றிலும் வெறுங்காலுடன் இறங்குவோரை அது பற்றுகிறது. பென்சிலின், டாக்சிசைக்ளின் முதலிய மருந்துகளை உரிய காலத்தில் கொடுத்தால் நோயாளியைக் காக்கலாம். காலம் தாழ்த்தினால் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் கெடும்.

2006இல் சிக்குன்குனியா இத்தீவுகளில் பரவியது. 2010ஆம் ஆண்டையொட்டி டெங்கு இங்கும் இருப்பது கண்டறியப்பட்டது. அதன்பின் உண்ணிக் காய்ச்சலும் அறியப்பட்டுள்ளது. ஆகவே சௌல்தாரியில் ஒருவருக்கு உடல் கொதித்தால் அது இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்துச் சொல்ல இயலாது; இரத்தத்தைச் சோதித்தே சொல்ல இயலும்.

ஒன்பது சரக்கும் ஒரு குடிநீரும்

இனி நம் மருத்துவ மரபு கூறுவதைக் காண்போம். சித்த மருத்துவத்தில் நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அன்று. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் ஆகிய ஒன்பது சரக்குகளும் சேர்ந்ததே அக்குடிநீர்ச் சூரணம். சூரணத்தை நீரிலிட்டு நாலில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, வடிகட்டி, அன்றன்றே பருகவேண்டும். பெரியவர்க்கு ஒரு வேளைக்கு 30 முதல் 60 மில்லி வரை என்பதும், சில நாட்களுக்கு மட்டும் என்பதும் வழக்கமான அளவு. ஆண்டு முழுவதும் அருந்தும் பானமாக அதனை எவரும் வகுக்கவில்லை.

சுரம் என்பதை ஒரே நோயாகவும் நம் சித்தர் கருதவில்லை. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி மரபில் சுரம் 64 வகையாகப் பகுக்கப்படுகிறது. அப்பகுப்பு இன்றைய நோய்ப்பெயர்களுடன் ஒத்துப் போகாமல் இருக்கலாம். ஆனால் சுரத்திற்குள் சுரம் வேறுபடும், வேறுபாடு அறிந்தே மருந்து கொடுக்கவேண்டும் என்ற கருத்து அதில் வெளிப்படை. எல்லாச் சுரத்திற்கும் ஒரே குடிநீர் என்று இன்று சொல்வோர், மரபின் பெயரால் மரபுக்கு மாறாகப் பேசுகின்றனர்.

2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோதும், 2012இல் டெங்கு பரவியபோதும் இக்குடிநீர் அரசு மருத்துவமனைகளில் வழங்கப்பட்டது. பின்னர் தெருமுனைகளிலும் பள்ளிகளிலும் அண்டாவில் காய்ச்சி ஊற்றும் வழக்கம் பெருகியது. ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களின்மீது செய்த சோதனைகளில் இக்குடிநீரின் சாரம் டெங்கு, சிக்குன்குனியாக் கிருமிகளின் பெருக்கத்தைக் குறைத்தது என்ற செய்தியும் வெளிவந்துள்ளது. அது மகிழத்தக்கதே. எனினும் கண்ணாடிக் குப்பியில் நிகழ்வது மனித உடலிலும் நிகழும் என்று கொள்வதற்கில்லை. இடையில் நெடுந்தூரம் உண்டு.

அத்தூரத்தைக் கடந்த மூலிகையும் உண்டு. சீன நாட்டுப் பழைய மருத்துவ நூலைப் படித்து, ஆர்டிமிசியா என்னும் செடியிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்த தூ யூயூ அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மருந்தே இன்று உலகெங்கும் மலேரியாவை வெல்கிறது. ஆயினும் அச்செடியின் இலையைக் கொதிக்கவைத்து மலேரியாவுக்குக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்கவில்லை. கஷாயத்தில் மருந்தின் அளவு நிலையாக இராது. குறைந்த அளவு நோயைத் தீர்க்காது. மெய்யான மருந்து உள்ள செடிக்கே இவ்விதி என்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

தாய்லாந்து நாட்டினரும் நிலவேம்பை மதிப்பவர். கொரோனாத் தொற்றின்போது அந்நாட்டு அரசு இதனை லேசான நோயாளிகளுக்கு வழங்க இசைவளித்தது. அதன் பயனைக் காட்டுவதாகக் கருதப்பட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையை, கணக்கில் பிழை கண்டு, அதனை எழுதியவர்களே 2021 ஆகஸ்டு மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டனர். மருந்தின்மேல் அன்பு கொண்டவரே பிழையை ஒப்புக்கொண்ட அந்நேர்மை நாம் கைக்கொள்ளத்தக்கது.

காப்பும் கேடும்

மூலிகை தீங்கு செய்யாது என்பது பரவலான நம்பிக்கை. நிலவேம்பு பெரும்பாலோர்க்குச் சிறு அளவில் தீங்கு செய்வதில்லை என்பது உண்மை. வயிற்றுப் புரட்டலும் வாந்தியும் பசியின்மையும் சிலருக்கு உண்டாகும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் தன் மூலிகைத் தொகுப்பில், கருவுற்ற பெண்டிரும் பாலூட்டும் தாய்மாரும் இதனைத் தவிர்க்கவேண்டும் என்று குறித்துள்ளது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போரும், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடர்ந்து பருகலாகாது.

ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கண்காணிப்புத் துறை, இச்செடி சேர்ந்த மாத்திரைகளால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டதை 2015இல் ஆராய்ந்து எச்சரித்தது. நாவின் சுவை மறைவதும் சிலரிடம் காணப்பட்டமையால் பின்னர் அதுபற்றியும் எச்சரித்தது. சீனத்தில் இதன் சாரத்திலிருந்து செய்த ஊசிமருந்து ஒன்று நோயாளிகளுக்குக் கேடு விளைவித்ததால் 2017இல் திரும்பப் பெறப்பட்டது. வாயால் பருகும் குடிநீரும் நரம்பில் ஏற்றும் ஊசியும் ஒன்றல்ல என்பது மெய்யே. எனினும் செடியிலிருந்து வந்தது என்பது ஒன்றே ஒரு மருந்துக்கு நற்சான்று ஆகாது என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆயினும் நிலவேம்பின் பெருங்கேடு செடியில் இல்லை. அது நம்மை இழக்கச் செய்யும் காலத்தில் இருக்கிறது. டெங்குச் சுரம் மூன்று நான்கு நாட்களில் தானே தணிவது இயல்பு. அந்நோயில் சுரம் தணியும் அந்நாளே ஆபத்து தொடங்கும் நாள். குடிநீரால் தணிந்தது என்று மகிழ்ந்து வீட்டில் இருந்துவிட்டால், கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் குருதி, மயக்கம் ஆகியவை தோன்றும்போதுதான் உண்மை தெரியும். எலிக் காய்ச்சலிலும் முதற்சுரம் சில நாட்களில் தணிந்து, பின் இரண்டாம் நிலையில் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்குவது உண்டு. மலேரியா விட்டுவிட்டு வருவதை முன்னரே கூறினோம். இத்தீவின் பெருஞ்சுரங்கள் மூன்றும் இடையில் தாமே தணிவன. அந்த இடைவெளியில்தான் கசப்பு பெயர் வாங்குகிறது. நோயாளி காலத்தை இழக்கிறார்.

பாம்புக்கடியிலும் இதே நிலை. சிறியாநங்கை இலையை மென்றுபார்த்து, கசக்கவில்லையெனில் விடம் ஏறியுள்ளது என்று முடிவு செய்யும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. விடம் ஏறியதா என்பதை நாவு அறியாது. அந்தமானுக்கே உரிய நாகமும் கட்டுவிரியனும் வாழும் இத்தீவில், இலை தேடும் நேரமே உயிர் போகும் நேரம் ஆகலாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே செய்யத்தக்கது.

நாம் செய்யத்தக்கது

அப்படியானால் நிலவேம்பைக் கைவிடவேண்டுமா? வேண்டியதில்லை. நம் வீட்டுக் கொல்லையில் அது வளரட்டும். சித்த மருத்துவர் சொன்ன அளவில் சொன்ன நாட்களுக்குப் பருகலாம். ஆனால் பருகுமுன் இரத்தச் சோதனை முடியவேண்டும். சுரம் கண்ட முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ அரசுச் சுகாதார நிலையத்திற்குச் செல்லவேண்டும். வயலிலும் சேற்றிலும் கால்வைத்ததையும், மாட்டுத்தொழுவம் இருப்பதையும் மருத்துவரிடம் தவறாமல் கூறவேண்டும். கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல் இவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் பெற்ற நம் தலைநகரம் தொலைவில் இல்லை. சோதனைக்காக நம் முன்னோர் ஏங்கிய காலம் போயிற்று; சோதனை இருந்தும் செல்லாதிருப்பது நம் காலத்துக் குறை.

வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் மருந்தின் பெயர் ஒன்றையும் அவர் கூறவில்லை; நோயை அறிவதையும் அதன் காரணத்தை அறிவதையும் முன்வைத்து, தீர்க்கும் வழியைப் பின்வைத்தார். அவ்வரிசையை மாற்றாதவரை நம் கைமருந்தும் நமக்குத் துணை நிற்கும். நம் சங்கத்தார் மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள் கூடி, கொசு முட்டையிடும் தேங்கிய நீரை அகற்றவும், சேற்றில் இறங்குவோர் காலணி அணியவும், சுரம் கண்டோரை அன்றே சோதனைக்கு அழைத்துச் செல்லவும் தமக்குள் ஏற்பாடு செய்துகொள்வார்களாயின், அது எந்தக் குடிநீரினும் மேலான தடுப்பாகும். அக்கூட்டத்திற்கு அண்டை வீட்டு வங்காளியையும் மலையாளியையும் தெலுங்கரையும் அழைப்போம். செடியின் பெயர் நமக்குள் வேறுபடலாம். சுரத்திற்கு மொழி இல்லை.